பழைய காரில் நவீன இன்ஜினும் கியர்பாக்ஸும்: முதன்முறை இறங்குபவர்களுக்கு

இன்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கிப் பழைய காருக்குள் உட்கார வைப்பது சில நாள் வேலை. அதன் பிறகு அந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் சரியான அழுத்தத்தில் வர வேண்டும், தண்ணீர் சுற்ற வேண்டும், கரண்ட் வர வேண்டும், புகை வெளியேற வேண்டும், அதன் சக்தி அதிர்வில்லாமல் பின்சக்கரம் வரை போய்ச் சேர வேண்டும். மாதக்கணக்கில் இழுப்பது இதெல்லாம்தான். பாதியில் கைவிடப்பட்டு ஷெட்டில் தூசி படிந்து நிற்கும் கார்களில் அநேகமாக இன்ஜின் உட்கார்ந்திருக்கும், வயரிங்தான் தொங்கிக்கொண்டிருக்கும். எனவே இன்ஜினுக்குச் செலவழிக்கும் யோசனையைவிட அதைச் சுற்றியிருப்பவற்றுக்குச் செலவழிக்கும் யோசனை அதிகமாக இருக்கட்டும்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் வைத்த, முன்னால் இன்ஜினும் பின்சக்கர இழுவையும் உள்ள பழைய காரைப் பற்றி. அதில் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜினையும் அதன் கியர்பாக்ஸையும் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம்.

எந்த இன்ஜின்?

குதிரைத்திறனைப் பார்த்துத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வடிவம். நீளம், அகலம், உயரம் மூன்றையும்விட அதிகத் தொல்லை தருவது ஆயில் சம்ப், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அதன் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய காரின் கிராஸ் மெம்பரும் (குறுக்குச் சட்டம்) ஸ்டீயரிங் ராடுகளும் குறுக்கே போகும் இடத்தில் அந்த ஆழம் வந்தால் இன்ஜின் உட்காராது. உட்கார வைத்தால் பானட் மூடாது. ஒரே இன்ஜின் வெவ்வேறு மாடல்களில் வெவ்வேறு சம்போடு வந்திருக்கும் என்பது நல்ல செய்தி. சம்பை வெட்டி ஒட்டுவதற்கு முன் வேறு மாடலின் சம்ப் பொருந்துமா என்று தேடுங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை (முதலாவது 1997 மாடல் கொர்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்எஸ்1) இந்த வேலைக்கு இவ்வளவு பேர் வாங்குவதற்குக் காரணம் சக்தி மட்டுமல்ல. கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் சின்னது, மொத்த அகலம் குறைவு. ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டி கொள்ளளவில் அதைவிடச் சிறியது. ஆனால் நான்கு கேம்ஷாஃப்டுகள் ஹெட்டுகளின் மேல் இருப்பதால் அகலம் கூடுதல். 1960களின் மஸ்டாங்கில் அதை இறக்க ஷாக் டவரையே (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் தூண்) வெட்ட வேண்டி வருகிறது. சிறிய கார்களுக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 1.6, 1.8 லிட்டர் இன்ஜின்கள் எளிதான தேர்வு. அவை நீளவாட்டில் உட்காரும்படி செய்யப்பட்டவை, கியர்பாக்ஸும் கூடவே கிடைக்கும். அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸுக்கு பாடியில் பின் மவுண்டிங் கிடையாது. ஒரு நீண்ட ஃபிரேம் அதை டிஃப்ரென்ஷியலோடு இணைத்துப் பிடித்திருக்கும். உங்கள் காரில் அந்த ஃபிரேம் இருக்காது என்பதால் கியர்பாக்ஸ் மவுண்டிங்கைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும்.

ஹோண்டா கே20, கே24 போன்றவை அருமையான இன்ஜின்கள்தாம். ஆனால் குறுக்குவாட்டில் உட்கார்ந்தவை. பின்சக்கர இழுவைக்கு அவற்றைத் திருப்பி வைத்தால் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) அடாப்டர், ஃப்ளைவீல், சம்ப், தண்ணீர் வெளியேறும் வாய், சில நேரம் இன்டேக் மேனிஃபோல்டு வரை மாறும். முதல் முயற்சிக்கு நீளவாட்டு இன்ஜினையே எடுங்கள்.

அடுத்து, பின் ஆக்ஸில் தாங்குமா? 200 நியூட்டன் மீட்டர் டார்க் உள்ள இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (பின் ஆக்ஸிலின் பல் விகிதம்) 4.1 என்றால் ஆக்ஸிலுக்குப் போய்ச் சேர்வது சுமார் 2,870 நியூட்டன் மீட்டர். பழைய இன்ஜின் 100 தந்ததென்றால் ஆக்ஸில் ஷாஃப்டும் கிரவுன் பினியனும் இப்போது இரு மடங்கு சுமக்கின்றன. முதலில் உடைவது பெரும்பாலும் அங்கேதான். கிளட்சைச் சட்டென்று விடாமல் ஓட்டினால் கொஞ்சம் தாங்கும். சக்தியை இரு மடங்குக்கு மேல் ஏற்றுகிறீர்கள் என்றால் ஆக்ஸிலையும் திட்டத்தில் சேருங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். இன்ஜின் எண்ணை மாற்றிப் பதிய முடியுமா, புகைச் சோதனை காரின் ஆண்டைப் பார்த்தா இன்ஜினின் ஆண்டைப் பார்த்தா, பிரேக்குக்கும் மவுண்டிங்குக்கும் பொறியாளர் சான்று வேண்டுமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். வேலை முடிந்தபின் கேட்டால் பிரிக்கச் சொல்வார்கள்.

டோனர் காரை முழுதாக வாங்குங்கள்

இன்ஜினை மட்டும் வாங்குவது மலிவாகத் தெரியும். விட்டுப்போன பத்துப் பொருளைத் தனித்தனியாகத் தேடும்போது அந்த மலிவு காணாமல் போகும். இன்ஜினைத் தரும் டோனர் காரே முழுதாகக் கிடைத்தால் அதுதான் நல்லது. கிடைக்காவிட்டால் குறைந்தபட்சம் இவை கூடவே வர வேண்டும்: இசியூ (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), எங்கும் வெட்டப்படாத முழு வயரிங் ஹார்னஸ் (வயர்க் கட்டு), சாவி, இம்மொபிலைசர் பெட்டி (சரியான சாவி இல்லாவிட்டால் இன்ஜினை ஓட விடாதது), ஆக்ஸிலரேட்டர் பெடல் (எலெக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் கட்டாயம்), ஃபியூஸ்-ரிலே பெட்டி, காற்று அளவி சென்சார் அதன் குழாயோடு, ஆக்ஸிஜன் சென்சார்கள், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், கிளட்ச் சாமான்கள், கியர் லீவர், புரொப்பல்லர் ஷாஃப்டின் முன் யோக், பெட்ரோல் பம்ப், ஃபேன். இம்மொபிலைசர் விட்டுப்போனால் மற்ற எல்லாம் இருந்தும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் அணையும்.

பிரிப்பதற்கு முன் டோனரை ஓட்டிப் பாருங்கள். சூடான இன்ஜினில் ஆயில் பிரஷர், எல்லா கியரும் விழுகிறதா, ஸ்கேனரில் என்ன கோளாறுக் குறியீடு வருகிறது, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷன் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. கழற்றும்போது ஒவ்வொரு கனெக்டரிலும் துணி டேப் ஒட்டி அது எங்கே போனது என்று எழுதுங்கள், படமும் எடுங்கள்.

வெளியே இருக்கும்போதே கிராங்க் பின் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், ஸ்பிகாட் பேரிங் (கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தாங்குவது), டைமிங் பெல்ட் (இருந்தால்), வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். மூவாயிரம் கிலோமீட்டர் கழித்து ஆயில் சீலுக்காக இன்ஜினைத் திரும்ப வெளியே எடுப்பது யாருக்கும் வேண்டாம்.

ஒத்திகைப் பொருத்தல்

மொத்த வேலையின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. இதில் அவசரப்பட வேண்டாம்.

பழைய இன்ஜினை எடுப்பதற்கு முன் காரைச் சமதரையில், நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்து அளவெடுங்கள். தரையிலிருந்து கிராங்க் புல்லியின் நடு எவ்வளவு உயரம், கியர்பாக்ஸின் பின்முனை எவ்வளவு உயரம், டிஃப்ரென்ஷியல் பினியன் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, கியர் லீவர் ஃபயர்வாலிலிருந்து (இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது. டிகிரி பார்க்க காந்தம் வைத்த கோணமானி போதும். ஜாக் ஸ்டாண்டில் பாடியைத் தூக்கி, ஆக்ஸில் தொங்கும் நிலையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

புது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகப் பூட்டியே இறக்குங்கள். கனமான உள் பாகங்களைக் கழற்றிய பிளாக் கிடைத்தால் ஒத்திகைக்கு இன்னும் வசதி. பத்து இருபது முறை ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். ஆனால் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் அத்தனையும் அதில் இருக்க வேண்டும்: ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஆயில் ஃபில்டர், தண்ணீர் வாய்கள். மொட்டை பிளாக் அழகாகப் பொருந்தும். மேனிஃபோல்டை மாட்டியதும் ஸ்டீயரிங் ஷாஃப்ட் இடிக்கும்.

இடம் பார்க்கும் வரிசை இது. முதலில் சம்புக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவே. பிறகு ஹெட்டின் பின்பக்கத்துக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே. பிறகு கியர்பாக்ஸ் டனலுக்குள் (தரையின் நடுவே மேடாக எழும் பகுதி). கடைசியில் பானட். இன்ஜின் எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு நல்லது, முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். ரப்பர் மவுண்டிங்கில் இன்ஜின் ஆடும் என்பதால் அசையாத எதற்கும் அதற்கும் இடையே சுற்றிலும் குறைந்தது 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். கியர்பாக்ஸுக்காக டனலை வெட்ட நேர்ந்தால் தேவைக்குமேல் வெட்டாதீர்கள். வெட்டிய இடத்தைப் பழைய தகட்டைவிட மெல்லியதில் மூடவும் கூடாது. தனி சேஸிஸ் இல்லாத மோனோகாக் பாடியில் டனல்தான் முதுகெலும்பு.

இன்ஜின் நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, பின்பக்கமாகச் சுமார் 3 டிகிரி தாழ்த்தி, மரக்கட்டைகளில் நிறுத்துங்கள். இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு, இன்ஜின் அந்த இடத்தில் இருக்கும்போதே ஆயில் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட் இரண்டுக்கும் நீட்டிப்புக் கம்பியோடு சாக்கெட் எட்டுகிறதா பாருங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எது எட்டவில்லையோ அதற்காக இன்ஜினை இப்போதே 10 மி.மீ. நகர்த்துவது சுலபம். மவுண்டிங்கை வெல்டு செய்து பெயின்ட் அடித்த பிறகு, ஃபில்டர் மாற்றவே இன்ஜினைத் தூக்க வேண்டிய கார்களும் இருக்கின்றன.

மவுண்டிங்கை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். சரியாக வந்தால் 5 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டி, காரில் வைத்துப் புள்ளி வெல்டு மட்டும் போட்டு, வெளியே எடுத்து முழுதாக வெல்டு செய்யுங்கள். சேஸிஸில் மவுண்டிங் உட்காரும் இடம் மெல்லிய தகடாக இருந்தால் அடியில் 3 மி.மீ. பட்டைத் தகடு கொடுத்து பாரத்தைப் பரப்ப வேண்டும். ரப்பர் மவுண்டிங்தான் சாலைக் காருக்கு. இரும்போடு இரும்பாகப் பூட்டினால் காரே அதிரும், கியர்பாக்ஸ் காதுகள் விரிசல் விடும், இன்ஜினின் தட்டலைக் கேட்கும் நாக் சென்சார்கூட அந்தச் சத்தத்தை வெடிப்பு என்று நினைத்து இக்னிஷன் டைமிங்கைப் பின்வாங்கும். காரில் எங்கே வெல்டு செய்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், இசியூ கனெக்டரையும் கழற்றுங்கள்.

சம்பை வெட்ட வேண்டிய கட்டாயம் வந்தால் இரண்டு விஷயம். ஆயில் உறிஞ்சியின் வாய்க்கும் சம்பின் அடித்தகட்டுக்கும் இடைவெளி 6 முதல் 10 மி.மீ. இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ஆயில் போதாது, மேலே போனால் திருப்பங்களில் காற்றை உறிஞ்சும். ஆழத்தில் குறைத்த கொள்ளளவை அகலத்தில் திருப்பிக் கொடுங்கள், உள்ளே தடுப்புத் தகடும் வையுங்கள். ஒழுகுகிறதா என்று பார்க்க, வெல்டின் வெளிப்பக்கம் முழுக்க சாக்பீஸ் தேய்த்து, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகூட வெள்ளையில் கறையாகத் தெரியும்.

கியர்பாக்ஸ், கிளட்ச், ஷாஃப்ட்

இன்ஜினோடு வந்த கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் இந்தப் பகுதியில் பாதிக் கவலை இல்லை. வேறு கியர்பாக்ஸை அடாப்டர் பிளேட்டில் பூட்டுகிறீர்கள் என்றால் இன்ஜின் கிராங்கின் மையமும் பெல் ஹவுசிங் துளையின் மையமும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்தே ஆக வேண்டும். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் நிறுத்தி, முனை பெல் ஹவுசிங் துளையின் உள்சுவரில் படும்படி வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் மொத்தமாக ஆடுவது 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் மையம் விலகிய டவல் பின் போட்டுச் சரிசெய்யலாம். இதைச் செய்யாமல் பூட்டினால் கிளட்ச் சரியாகப் பிரியாது, கியர் தானாக விடுபடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் இன்புட் ஷாஃப்ட் பேரிங் ஊளையிடத் தொடங்கும். கியர்பாக்ஸைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் வேறொரு சோதனை. பெல் ஹவுசிங்கை இன்ஜினோடு முழுதாக இறுக்கிய பிறகும் டார்க் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (ஃப்ளைவீலின் இடத்தில் வரும் தகடு) நடுவே 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். போல்டை இறுக்கும்போதே கன்வெர்ட்டர் நெருக்குகிறது என்றால் அது பம்புக்குள் முழுதாக உட்காரவில்லை. அப்படியே இறுக்கி ஸ்டார்ட் செய்தால் பம்ப் உடையும்.

கிளட்சை ஹைட்ராலிக்காக மாற்றும்போது மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் தள்ளுவது) விட்டத்தைக் குத்துமதிப்பாக வாங்காதீர்கள். ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சைத் தள்ளுவது) எத்தனை மி.மீ. நகர வேண்டும், அதன் பரப்பு எவ்வளவு என்று பெருக்கினால் தேவையான ஆயில் அளவு வரும். மாஸ்டரின் பரப்பும் அதன் நகர்வும் பெருகி அந்த அளவைத் தர வேண்டும். மாஸ்டர் சிறிதென்றால் கிளட்ச் பிரியாது. பெரிதென்றால் பெடல் கல்லாக இருக்கும், பேரிங்கும் அதிக தூரம் போய்விடும். அதற்குப் பெடலுக்கு ஒரு ஸ்டாப்பர் வைக்க வேண்டும்.

புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளத்தைக் காரின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். ஸ்லிப் யோக்கை (கியர்பாக்ஸுக்குள் முன்பின் நகரும் ஷாஃப்ட் முனை) முழுதாக உள்ளே தள்ளி, அங்கிருந்து 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்த நிலையில் நீளம் எடுத்து, லேத் பட்டறையில் கொடுத்து வெட்டி, கண்டிப்பாக பாலன்ஸ் செய்து வாங்குங்கள். இரு முனை யோக்குகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

கோணத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கியர்பாக்ஸ் பின்னால் 3 டிகிரி தாழ்ந்திருந்தால் பினியன் முன்னால் 3 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு கோடும் இணையாக, 1 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு யூ ஜாயின்ட் (ஷாஃப்டைக் கோணத்தில் சுற்ற விடும் மூட்டு) சுற்றும்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், மறுமுனை ஜாயின்ட் அதைச் சமன் செய்யும். கோணம் ஒத்துப்போகாவிட்டால் சமன் ஆகாது, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தரை வழியாக ஒரு நடுக்கம் வரும். ஷாஃப்டை எத்தனை முறை பாலன்ஸ் செய்தாலும் அது போகாது. கோணம் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. அரை டிகிரியாவது இருந்தால்தான் ஜாயின்டின் ஊசி பேரிங்குகள் உருளும். ஒவ்வொரு ஜாயின்டிலும் 3 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கியர் பாக்ஸ் என்ன தரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் சுற்றளவு 1.85 மீட்டர், ஃபைனல் டிரைவ் 4.1 என்றால், 100 கிலோமீட்டர் வேகத்தில் நேரடி டாப் கியரில் இன்ஜின் சுமார் 3,700 ஆர்பிஎம் சுற்றும். 0.8 உள்ள ஐந்தாம் கியரில் அது சுமார் 2,950. நெடுஞ்சாலையில் பழைய காரின் குணமே இதனால் மாறிவிடும். குதிரைத்திறனைவிட இதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

பெட்ரோல்

கார்புரேட்டர் பம்ப் தருவது 0.2 முதல் 0.5 பார். இன்ஜெக்ஷனுக்கு வேண்டியது பெரும்பாலும் 3 முதல் 4 பார். எல்எஸ் இன்ஜின்களுக்கு 4 பார், அதாவது 58 பிஎஸ்ஐ. எனவே பழைய ரப்பர் ஹோஸில் ஒரு அங்குலம்கூட மிச்சம் வைக்காதீர்கள். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும், ஆர்7 கார்புரேட்டருக்கானது. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருக்கும் துண்டுக்கு ஆர்10 வேண்டும், மற்றவை வெளிப்பக்கம் ஊறி உப்பிப் பிளந்துவிடும். பல் வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரை அறுக்கும். இன்ஜெக்ஷன் ஹோஸுக்கென்று வரும் வழவழப்பான கிளிப்பைப் பயன்படுத்துங்கள்.

பழைய டேங்கில் தடுப்புகள் இருக்காது. பாதி பெட்ரோலில் வளைவு எடுத்தால் உறிஞ்சும் வாய் வெறுமையாகும். கார்புரேட்டரின் கிண்ணம் அந்த இரண்டு நொடியைச் சமாளித்தது. இன்ஜெக்ஷன் சமாளிக்காது, இன்ஜின் திணறும். நல்ல தீர்வு, தடுப்புக் கிண்ணத்தோடு டேங்குக்குள்ளேயே பம்ப் வைப்பது. அது முடியாவிட்டால் 1 முதல் 1.5 லிட்டர் கொண்ட இடைத்தொட்டி ஒன்று வேண்டும். டேங்கிலிருந்து குறைந்த அழுத்த பம்ப் அதை நிரப்பும், அதன் அடியிலிருந்து உயர் அழுத்த பம்ப் எடுக்கும், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் பெட்ரோல் அதன் மேல்பக்கம் வரும், மிச்சம் டேங்குக்கு வழியும். வெளியே வைக்கும் உயர் அழுத்த பம்பால் மேல்நோக்கி உறிஞ்ச முடியாது. டேங்கின் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், முன்னால் 100 மைக்ரான் ஃபில்டரும் பின்னால் 10 மைக்ரான் ஃபில்டரும் போடுங்கள்.

திரும்பும் குழாய்க்காக டேங்கில் நீங்களே வெல்டு செய்யக் கூடாது. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. உள்ளே இருப்பது ஆவி. கழுவிக் காய்ந்து மாதங்கள் ஆனாலும் மடிப்புகளுக்குள் அது தங்கியிருக்கும். டேங்க் வேலை மட்டுமே செய்பவரிடம் கொடுங்கள்.

தண்ணீர்

பழைய ரேடியேட்டர் 0.5 பார் மூடியோடு வந்திருக்கலாம். நவீன இன்ஜின் 1 பாருக்கு மேல் எதிர்பார்க்கும். 1 பார் அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும், அந்த இடைவெளியை நம்பித்தான் இன்ஜினை வடிவமைத்திருக்கிறார்கள். பழைய ரேடியேட்டரில் புது மூடியைப் போட்டால் தையல் பிளக்கும். இன்ஜினின் சக்திக்கேற்ற அலுமினிய ரேடியேட்டர், அதன் முழுப் பரப்பையும் மூடும் ஷ்ரவுடு (ஃபேனைச் சுற்றிய காற்றுக் கூடு), இன்ஜின் பக்கம் நின்று இழுக்கும் ஃபேன் என்று போடுங்கள். ஷ்ரவுடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்குள் மட்டும்தான் காற்றை இழுக்கும்.

ஏர் லாக்தான் (தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்துக்கொள்வது) பெரிய எதிரி. எக்ஸ்பான்ஷன் டேங்க் முழு அமைப்பிலும் உயரமான இடத்தில் இருக்கட்டும். எல்எஸ் இன்ஜினின் ஹெட்டுகளிலிருந்து வரும் மெல்லிய ஆவிக் குழாயை அடைத்துவிடாதீர்கள். ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ டேங்குக்கோ கொண்டுபோங்கள். பழைய காரில் ஹீட்டர் இல்லையென்று ஹீட்டர் வாய்களை அடைப்பதும் தவறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரிவதே அந்தச் சுற்று வழியாகத்தான். இரண்டையும் ஒரு ஹோஸால் இணைத்துவிடுங்கள்.

வயரிங்

பழைய காரின் விளக்கு, ஹாரன், வைப்பர் வயரிங் ஒரு பக்கம். இன்ஜின் ஹார்னஸ் இன்னொரு பக்கம். இரண்டும் நாலைந்து இடத்தில் மட்டுமே தொட வேண்டும்: பேட்டரி, இக்னிஷன் சுவிட்ச், ஸ்டார்ட்டர், சார்ஜ் விளக்கு, மீட்டர்கள். இப்படிப் பிரித்து யோசித்தால் பயம் பாதியாகக் குறையும். டோனர் காரின் வயரிங் வரைபடத்தை அச்சடித்து, ஒவ்வொரு வயரும் இன்ஜின் ஓடத் தேவையா என்று பார்த்து வண்ணப் பேனாவால் குறியுங்கள். ஏர்பேக், கதவு, ஜன்னல் வயர்கள் போகும். ஆனால் முதலில் முழு ஹார்னஸோடு இன்ஜினை ஓட வைத்துவிட்டு, பிறகு தேவையில்லாததை எடுப்பதே பாதுகாப்பு.

உங்கள் கார் பாசிட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 1960களின் பிற்பகுதி வரை பல பிரிட்டிஷ் கார்கள் அப்படி வந்தன. அதை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றாமல் இசியூவை இணைத்தால் அந்த நொடியே இசியூ போய்விடும். 6 வோல்ட் கார் என்றால் பல்புகள், ஹாரன், வைப்பர் மோட்டார் எல்லாவற்றையும் 12 வோல்டுக்கு யோசிக்க வேண்டும். டேஷ்போர்டில் அம்மீட்டர் இருந்தால், ஸ்டார்ட்டர் தவிர மற்றக் கரண்டெல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகும். பழைய 25 ஆம்பியர் டைனமோவுக்கு அது சரி. 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு அது டேஷ்போர்டில் நெருப்பு. அதை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வையுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராக 16 முதல் 25 சதுர மி.மீ. கேபிள், பேட்டரிக்கு அருகில் ஃபியூஸோடு போகட்டும்.

பெட்ரோல் பம்ப் ரிலேவை இசியூதான் இயக்க வேண்டும். இக்னிஷன் சுவிட்சிலிருந்து நேராகக் கொடுத்தால், விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் அறுந்த குழாயில் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வயரில் மோதல் சுவிட்ச் ஒன்றும் வையுங்கள். பம்புக்கு 2.5 சதுர மி.மீ., ஃபேனுக்கு 4 சதுர மி.மீ. வயர், இரண்டுக்கும் தனி ரிலே, தனி ஃபியூஸ்.

எர்த் மோசமாக இருந்தால் விதவிதமான கோளாறு வரும், எதுவும் எர்த் என்று சொல்லாது. இன்ஜின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று எனத் தடித்த கேபிள்கள் போடுங்கள், பெயின்ட்டைச் சுரண்டி உலோகத்தில் இறுக்குங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை பிளாக்கில் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.2 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த் போதவில்லை. பிளாக் எர்த்தையே மறந்துவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சிவக்கச் சுட்டுவிடும். இசியூவின் சென்சார் எர்த்தை மட்டும் ஹார்னஸில் இருந்த இடத்திலேயே விடுங்கள், சேஸிஸில் சேர்க்காதீர்கள்.

பழைய டெம்பரேச்சர் மீட்டருக்கு அதன் பழைய சென்சார்தான் பொருந்தும். அடாப்டர் போட்டு அதையும் மாட்டுங்கள். இசியூவின் சென்சார் தன் இடத்தில் தனியாக இருக்கட்டும்.

புகையும் காற்றும்

ஆக்ஸிஜன் சென்சார், குழாய்கள் ஒன்று சேர்ந்த பிறகும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்பும் வர வேண்டும். கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கி மாட்டினால்தான் உள்ளே வியர்க்கும் நீர் அதில் தேங்காது. அதற்கு முன்னால் எக்ஸாஸ்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே வந்து, பெட்ரோல் குறைவு என்று இசியூ தப்பாகக் கணக்கிட்டு மேலும் ஊற்றும். காற்று அளவி சென்சாரை வேறு விட்டமுள்ள குழாய்க்கு மாற்றாதீர்கள். அதன் கணக்கு அந்தக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எக்ஸாஸ்டுக்கு அருகில் போனால் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம்.

பிரேக்

சக்தியைக் கூட்டிவிட்டு டிரம் பிரேக்கோடு சாலையில் இறங்குவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை இரட்டைச் சுற்றாக மாற்றுங்கள், முன்னால் டிஸ்க் போடுங்கள். இன்ஜின் உட்காரும் முன் இந்த வேலையை முடிப்பது நல்லது; அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஸ்டார்ட் செய்யும் ஆசைதான் முன்னால் நிற்கும்.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். ஆயில், கூலண்ட் ஊற்றுங்கள். இன்ஜெக்டர், இக்னிஷன் ஃபியூஸ்களை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் ஏறும் வரை 10 நொடி சுற்றி ஒரு நிமிடம் ஓய்வு என்ற கணக்கில் ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு ஃபியூஸ்களைப் போட்டுச் சாவியை ஆன் செய்யுங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். நாலைந்து முறை இப்படிச் செய்து, ஒருவர் டேங்கிலிருந்து இன்ஜின் வரை ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்க்கட்டும்.

சுற்றியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கண்டபடி கழற்றாதீர்கள். ஸ்கேனரை மாட்டி, சுற்றும்போது ஆர்பிஎம் காட்டுகிறதா பாருங்கள். பூஜ்யம் என்றால் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர். ஆர்பிஎம் வருகிறது, ஆனால் இன்ஜெக்டர் துடிக்கவில்லை என்றால் இம்மொபிலைசர். துடிக்கிறது என்றால் பெட்ரோல் பிரஷரையும் ஸ்பார்க்கையும் பாருங்கள். இந்த வரிசையிலேயே அநேகமாக அகப்பட்டுவிடும்.

ஓடத் தொடங்கியதும் ஆயில் பிரஷர் ஐந்தாறு நொடிக்குள் வராவிட்டால் உடனே அணையுங்கள். வந்தால் ஐட்லிங்கில் விட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை பாருங்கள். சுமார் 95 டிகிரியில் ஃபேன் வர வேண்டும். ஊசி ஏறி, ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் ஏர் லாக். அணைத்து முழுதாக ஆறவிட்டு காற்றை எடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால், ஓடும்போதே கியர் ஆயிலின் மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும்.

முதல் ஓட்டம் 10 கிலோமீட்டருக்குள், வீட்டுக்கு அருகிலேயே. திரும்பி வந்து அடியில் படுத்து, மவுண்டிங் போல்டுகள், ஷாஃப்ட் போல்டுகள், எக்ஸாஸ்ட் எங்காவது உரசிய பளபளப்பு, வயர் எங்காவது உருகிய அடையாளம் ஆகியவற்றைப் பாருங்கள். 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் இதையே திரும்பச் செய்யுங்கள். 500இல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, எந்த பாகம் எந்த ஆண்டின் எந்த மாடலிலிருந்து வந்தது, அதன் பார்ட் நம்பர் என்ன, எந்த வயரை எங்கே வெட்டி எதோடு சேர்த்தீர்கள் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி கார் ஆவணங்களோடு வையுங்கள். பெல்ட்டின் நீளம், ஹோஸின் விட்டம், கிளட்ச் பிளேட்டின் பல் எண்ணிக்கை எதுவும் விட்டுப்போக வேண்டாம். வழியில் நின்றுபோனால் அந்த நோட்டைப் பார்த்துத்தான் எந்த மெக்கானிக்காலும் உங்கள் காருக்கு உதிரிபாகம் கேட்டு வாங்க முடியும்.